மடியில் உறங்கும் ஆட்டுக்குட்டி
(வானொலி மறையுரை. வாசகம்: 2 சாமுவேல் 12:1-7)



தாவீது அரசருக்கு அவர் செய்த பாவத்தை உணர்த்த, இறைவாக்கினர் நாத்தான் ஒரு கதை சொன்னார். ஓர் ஏழையிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி இருந்தது. அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் உணவில் பங்கு பெற்று, அவன் மடியில் உறங்கியது. செல்வன் ஒருவன் தன் விருந்துக்காக அதைப் பிடித்துச் சமைத்துவிட்டான். கேட்ட தாவீது கொதித்தெழுந்தார். ஒருவனுடைய வசதிக்கு, வாயில்லாத ஓர் உயிர் விலை கொடுத்தது.

அந்த ஆட்டுக்குட்டி நம் வீடுகளிலும் உண்டு. வாசலில் படுத்திருக்கும் நாய், மீன் கழுவும்போது காலைச் சுற்றும் பூனை, கூண்டில் பிள்ளைகள் வளர்க்கும் லவ் பேர்ட்ஸ். நாம் போடுவதைத் தின்று, நாம் விடும் மூச்சையே சுவாசிக்கின்றன. அவற்றுக்கு இன்று ஒரு புதிய ஆபத்து வந்திருக்கிறது. இளைஞர்கள் 'வேப்' என்கிறார்களே, அந்த இ-சிகரெட்.

இதில் பேட்டரி ஒரு திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. பெரும்பாலும் அந்தத் திரவத்தில் நிக்கோட்டின் இருக்கிறது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வளைகுடாவில் சில நாடுகளில் இது கடையிலேயே கிடைக்கிறது. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது இதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரக் கூடாது.

தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் அது வீட்டில் ஒளித்து வைக்கப்படுகிறது. தலையணைக்கு அடியில், புத்தகப் பையில், கட்டிலுக்குக் கீழே. அம்மாவின் கண்ணுக்குத் தப்பும் அந்த இடமெல்லாம் நாயின் மூக்குக்கு எட்டும் இடம். மாம்பழ வாசமும் ஸ்ட்ராபெர்ரி வாசமும் அதைக் கூப்பிடுகின்றன.

கணக்கைப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ளே போனாலே நாய்க்கு நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். 9 மில்லிகிராம் அளவில் உயிரே போகலாம். மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள திரவம் 2 மில்லி இருந்தால், அந்தச் சிறு கருவிக்குள் 40 மில்லிகிராம் இருக்கிறது. 4 கிலோ நாய்க்குட்டி அதைக் கடித்து விழுங்கினால் கிலோவுக்கு 10 மில்லிகிராம். பேட்டரியைக் கடித்தால் வாயும் வெந்துபோகும்.

பூனைக்கு வேறொரு துன்பம். அறையில் விடும் ஆவியும் புகையும் அதன் ரோமத்தில் படிகின்றன. அது தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது எல்லாம் வயிற்றுக்குள் போகிறது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களும் இதைக் கேட்க வேண்டும். புகைப்பவர் உள்ள வீட்டுப் பூனைகளுக்கு லிம்போமா என்னும் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று 2002-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பறவைகளின் நுரையீரலோ இன்னும் மென்மையானது.

அன்பர்களே, விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்றும் நம் திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. புகையிலையில் மிதமீறுவதைத் தவிர்க்கச் சொல்வதும் அதே மறைக்கல்விதான். திருத்தந்தை பிரான்சிஸ், வருமானம் போனாலும் பரவாயில்லை என்று, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையையே நிறுத்தினார். படைப்பை ஆளும் பொறுப்பை இறைவன் நமக்குத் தந்தது பேணிக் காப்பதற்காகவே.

வீட்டு நாய் திடீரென்று வாந்தி எடுத்தால், எச்சில் ஒழுகினால், நடுங்கினால், வலிப்பு வந்தால் தாமதிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். அதுவே அதற்கு நஞ்சாகலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் அடிக்குப் பயந்து உண்மையை மறைக்காதீர்கள். என்ன தின்றது என்று தெரிந்தால்தான் மருத்துவர் காப்பாற்ற முடியும். பெற்றோரே, அப்படி உண்மை சொல்லும் பிள்ளையை அன்று கண்டிக்க வேண்டாம். முதலில் உயிரைக் காப்போம். மற்றதை மறுநாள் அமர்ந்து பேசுவோம். நாத்தான் பேசியபோது தாவீதும் மறைக்காமல், "நான் பாவம் செய்தேன்" என்று ஏற்றுக்கொண்டார், மன்னிப்பும் பெற்றார்.

இந்தப் பழக்கத்தில் சிக்கியவர்களை நாம் வெறுக்கவில்லை. அது பிடித்துக்கொண்டால் விடுவது கடினம் என்று அறிவோம். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள். நம் பங்கு ஆலயக் கதவும் திறந்தே இருக்கிறது.

செபிப்போம். படைப்பின் தந்தையே, எங்கள் வீடுகளில் நீர் ஒப்படைத்த சிறு உயிர்களைக் காக்க எங்களுக்குத் தன்னடக்கம் தாரும். மறைத்து வைத்திருப்பதை ஒளிக்குக் கொண்டுவரத் துணிவு தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.