ஈராண்டிற் பெறும் பட்டம்

பல்கலைக்கழகப் பட்டம் பெறுவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும் என்பது நேயர்கள் அறிந்ததே. அத்தனை ஆண்டுகளைச் செலவிடப் பொருளோ அவகாசமோ இல்லாதவர் என் செய்வர்? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்விக்கு விடையாக வளர்ந்தவையே சமுதாயக் கல்லூரிகள். இன்று அந்நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

அவற்றின் தொடக்கம் மிக எளியது. சிக்காகோ நகருக்குத் தென்மேற்கே, சுண்ணக்கல் அகழ்விற்கும் உருக்குத் தொழிலுக்கும் பேர்போன ஜோலியற் என்னும் ஊர் உண்டு. அங்கே 1901-ஆம் ஆண்டில், ஓர் உயர்தரப் பாடசாலையின் மேல்வகுப்பாக, ஆறே மாணவருடன் ஒரு கல்லூரி தொடங்கிற்று. அப்பாடசாலையின் தலைவர் ஸ்ரான்லி பிறவுண், சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர் ஆகிய இருவரின் யோசனை அது. பல்கலைக்கழகப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளை ஊரிலேயே முடித்துக்கொண்டு, பின்பு பல்கலைக்கழகம் செல்லலாம் என்பதே அதன் நோக்கம். தொழிற்கல்வி பின்னர் வந்து சேர்ந்தது. 1930-ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் வேலையற்ற இளைஞர் பெருகியபோது, உடனே தொழிலுக்கு அனுப்பும் பாடநெறிகள் இக்கல்லூரிகளிற் பெருகின. அவற்றிற்கு அன்று இட்ட பெயர் ‘முடிவுக் கல்வி’ என்பது. இதற்கு மேற் கல்வி இல்லை என்று வாசலிலேயே எழுதிவைத்தது போன்ற பெயர்! பெயர் இட்டவர்கள் சற்றே சிந்தித்திருக்கலாம். அப்பெயர் பின்னர் மறைந்தது. பொருள் அத்தனை எளிதாக மறையவில்லை.

1947-ஆம் ஆண்டில், ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. இக்கல்லூரிகளிற் தொழில் நாடுவோர் பெறக்கூடியவை இரண்டு. ஒன்று சான்றிதழ்: சில வாரங்கள் முதல் ஏறக்குறைய ஓராண்டு வரை ஒரு தொழிலை மட்டும் பயில்வது. உலோகம் ஒட்டுதல், மோட்டார் வாகனம் திருத்துதல், கணக்குப் பதிதல் போன்றவை இதில் அடங்கும். மற்றையது ‘அசோசியேட்’ எனப்படும் ஈராண்டுப் பட்டம். இதில் தொழிற்பாடங்களோடு மொழி, கணிதம், சமூகவியல் முதலிய பொதுப் பாடங்களும் சேரும். பொதுவாகப் பகலில் உழைப்பவர் மாலையிற் படிக்கலாம். நாற்பது வயதுத் தாயும் பத்தொன்பது வயது மகனும் ஒரே வகுப்பில் அமரலாம்.

இப்பட்டத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது தாதியர் பயிற்சி. முன்னர் அந்நாட்டில் தாதியராக விரும்பிய பெண்களிற் பெரும்பாலோர் வைத்தியசாலை விடுதியில் தங்கி, மூன்றாண்டுகள் பயின்றனர். பயிற்சி என்ற பெயரில் வைத்தியசாலையின் வேலையில் பெரும்பகுதியை அம்மாணவியரே சுமந்தனர். கொலம்பியப் பல்கலைக்கழக ஆசிரியக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த மில்ட்ரெட் மொன்டாக் என்னும் அம்மையார், 1951-இல் வெளிவந்த தமது நூலில் வேறொரு வழியைக் கூறினார். மாணவி வைத்தியசாலையின் கூலியாள் அல்லள், கல்லூரியின் மாணவி. வைத்தியசாலையில் அவள் செலவிடும் நேரம் கற்பதற்கே உரியது. அவ்வாறாயின் ஈராண்டு போதும் என்றார். 1952 முதல் 1957 வரை சில கல்லூரிகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. விடுதி வாழ்க்கை இயலாத மணமான பெண்களும், வயது கூடியவர்களும், ஆண்களும் அவ்வகுப்புகளில் இடம் பெற்றனர். மூன்றாண்டு பயின்றோர் எழுதிய அதே உரிமப் பரீட்சையை எழுதி, நன்றாகவே சித்தியெய்தினர்.

அம்மையார் எண்ணியது நடுத்தரமான ஒரு புதிய தாதியர் வகுப்பை. நடந்ததோ வேறு. பரீட்சை ஒன்றாகவும் உரிமம் ஒன்றாகவும் இருந்தமையால், வைத்தியசாலைகள் அவர்களை மற்றத் தாதியரோடு ஒருங்கே வைத்து வேலை வாங்கின. 1965-இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், தொழில்முறைத் தாதிக்கு நான்காண்டுப் பட்டமே தகுதி என அறிவித்தது. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு பெண்ணின் வழியைக் கொண்டு இதை நோக்கலாம். 1987-ஆம் ஆண்டின் மத்திய சட்டம், முதியோர் இல்லங்களில் தாதிக்கு உதவியாளராக வேலை செய்பவருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என விதித்தது. அந்தச் சான்றிதழைப் பெற்று அவள் சம்பாதிக்கத் தொடங்குகிறாள். ஏறக்குறைய ஓராண்டு கற்றால் நடைமுறைத் தாதி. ஈராண்டுப் பட்டம் பெற்று உரிமப் பரீட்சையிலும் தேறினால் பதிவுபெற்ற தாதி. ஈராண்டு என்பது சொல்லளவில்தான். உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றைப் பல இடங்களில் முன்கூட்டியே முடிக்க வேண்டியிருப்பதால், அது மூன்றாண்டாக நீள்வது வழக்கம். ஆயினும் ஒவ்வொரு படியிலும் நின்று உழைத்து, கூலி பெற்று, மீண்டும் ஏறலாம்.

அதற்கு மேலே செல்ல விழையும்போதே சிக்கல் எழுகிறது. தொழில் சார்ந்த பல பாடநெறிகளிற் பெற்ற பாட அலகுகளை நான்காண்டுக் கல்லூரிகள் முழுமையாக ஏற்பதில்லை. கற்றதையே மறுபடியும் பணங்கொடுத்துக் கற்கும் நிலை பலருக்கு உண்டாகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் தொல்லை. இரவிற் படித்துப் பகலில் உழைப்பவளுக்கோ இதுவே படிப்பை நிறுத்தும் காரணமாகிவிடும். சான்றிதழ் வழங்குவோர் இதை முதல் நாளிலேயே மாணவருக்குச் சொல்லிவிடுதல் நியாயம்.

நியூ யோர்க் மாநிலம் 2017-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி, புதிதாகப் பதிவு பெறும் தாதியர் பத்தாண்டுகளுக்குள் நான்காண்டுப் பட்டம் பெறுதல் வேண்டும். ஈராண்டுப் பட்டத்தோடு வேலையில் அமரும் வழியை அச்சட்டம் அடைக்கவில்லை. புளோரிடா மாநிலமோ 2001-ஆம் ஆண்டிலேயே, சமுதாயக் கல்லூரிகள் தாமே நான்காண்டுப் பட்டமும் வழங்க வழி திறந்தது. கலிபோர்ணியாவிலும் தாதியர் கல்வியில் அவ்வாறு செய்யச் சட்டசபை 2024-இல் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்பமிட மறுத்துவிட்டார். அங்கே ஈராண்டுப் பட்டம் பெற்ற தாதி, நான்காண்டுப் பட்டத்தை விரும்பினால், வேறொரு கல்லூரியின் கதவைத் தட்டவேண்டும்.