முப்பத்தோராவது நாள்

(கள்ளக்குறிச்சி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க. வெளிநாடு கிளம்புற தம்பிகளுக்கு அனுப்புங்க.)



போன வாரம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் போயிருந்தேன். ஒரு அம்மா போனை நீட்டினாங்க. மலேசியாவில் இருக்கிற மகன் அனுப்பிய பாஸ்போர்ட் பக்கத்தின் படம். "இதுல என்னா தேதி போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு சாமி"ன்னு கேட்டாங்க. படிச்சேன். தங்குறதுக்குக் கொடுத்த தேதி முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியா போய் 30 நாள் தங்கலாம். ஊர் சுற்ற, சொந்தக்காரங்களைப் பார்க்க நல்ல ஏற்பாடு. ஆனா ஏஜென்ட் அதை வச்சுப் பிழைக்கிறான். "விசிட்ல ஏறு தம்பி, போனதும் பர்மிட் அடிச்சுக் கொடுத்துடலாம்" என்கிறான். மரவள்ளி வித்த காசும் அடகு வச்ச தோடும் அவன் கைக்குப் போகுது.

ஒன்றைப் புரிஞ்சுக்கோங்க. விசிட்டில் போனவர் முதல் நாள் வேலைக்குப் போனாலே குற்றம். முப்பத்தோராவது நாள் அது இரண்டாவது குற்றமாகிறது. மலேசிய குடிநுழைவுச் சட்டத்தில் இதற்கு 10,000 ரிங்கிட் அளவில் அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 10,000 ரிங்கிட் என்றால் நம்ம காசில் ஏறத்தாழ 2 லட்சம். சிங்கப்பூரில் கெடு முடிந்து 90 நாள் தாண்டினால் சிறையோடு பிரம்படியும் உண்டு. குறைந்தது மூணு அடி.

சரி, ஏஜென்ட் ஏன் விசிட்டில் அனுப்புறான்? பத்தாவது முடிக்காதவர் மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேணும். அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பாங்க, சம்பளத்தைப் பார்ப்பாங்க, 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு போடச் சொல்வாங்க. விசிட்டில் போறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஏஜென்டுக்கு அது வசதி. நம்ம பையனுக்குக் காப்பீடும் இல்லை, காகிதமும் இல்லை. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாமல் ஆள் அனுப்புறதே குற்றம். ஆனா நம்ம ஊரில் பதிவு எண்ணைக் கேட்டு எத்தனை பேர் பணம் கொடுக்கிறோம்?

மலைக்காரங்களுக்கு இந்தப் பேச்சு புதுசில்லை. மரம் வெட்டுற வேலைன்னு முன்பணம் கொடுத்து ஆந்திராவுக்கு ஏற்றிப் போன புரோக்கர்களும் இப்படித்தான் பேசினாங்க. 2015 ஏப்ரல் 7-ல் சேசாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அனுப்பினவன் எவனும் காட்டுக்குள்ள போகலையே.

கெடு முடிஞ்ச பையனுக்கு அங்கே நாள் எப்படிப் போகும்? சம்பளம் கேட்டால் "போலீஸைக் கூப்பிடவா?" என்பான் முதலாளி. பாஸ்போர்ட் அவன்கிட்ட இருக்கும். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி போகப் பயம். சோதனைன்னா கொட்டகையிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓட்டம். பிடிபட்டால் தடுப்பு முகாம், அப்புறம் கறுப்புப் பட்டியல்.

2024 மார்ச்சில் மலேசிய அரசு ஒரு வழி திறந்தது. கெடு தாண்டினவங்க 500 ரிங்கிட் கட்டினால் வழக்கில்லாமல் ஊர் திரும்பலாம். அந்த டிசம்பர் 31 வரை இருந்தது. 2025 மே மாசம் மறுபடியும் திறந்தாங்க. "இன்னும் ஆறு மாசம் சம்பாதிச்சுட்டு வர்றேன்"னு தவறவிட்டவங்க நிறைய. அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரல. வட்டி இங்கே ஓடிக்கிட்டிருக்கே.

சிக்கிக்கிட்டவங்க இருந்தால் பாஸ்போர்ட் நகலை வீட்டில் வாங்கி வையுங்க. பாஸ்போர்ட் முதலாளிகிட்ட மாட்டியிருந்தாலும், கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் வாங்கலாம். அதற்கு அந்த நகல் வேணும். சென்னையில் அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கு, மனு கொடுங்க. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம்.

வெள்ளிமலை அம்மாவுக்கு நம்ம பிள்ளைங்க உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தாங்க. இணையத்திலும் பதிஞ்சாச்சு. பதில் இன்னும் வரல. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அவங்களோட நானும் போறேன். இதே மாதிரி வீட்டில் யாராவது மாட்டியிருந்தால், நகலை எடுத்துக்கிட்டு அன்னைக்குக் காலையில் அங்கே வந்துடுங்க.