எரிபொருள் விலையும் இல்லத்து அடுப்பும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

இம்மேடையில் காப்பியமும் பரணியும் கேட்டுப் பழகிய அவையோர்க்கு, பெட்ரோலையும் சமையல் எரிவாயுவையும் பற்றிப் பேச யாம் எழுந்து நிற்பது சற்று வியப்பாக இருத்தல் கூடும். சிக்கனம் என்ற சொல் வந்தவுடன் குறளொன்று வரும் என்று எதிர்பார்ப்போரும் இருப்பர். இன்று அதனை விடுத்து நேரே அடுப்பங்கரைக்குச் செல்வோம். ஏனெனில் விலையேற்றம் என்பது பெட்ரோல் நிலையத்துப் பலகையில் தோன்றினும், அது குடியேறும் இடம் அடுப்பங்கரையே.

விலை ஏறிய வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலை நெருக்கிய காலத்திலேயே, சில திங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நெடுங்காலம் அரசே விலையைக் கட்டி வைத்திருந்தது. 2010 சூனில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபரில் டீசலுக்கும் அக்கட்டு அவிழ்க்கப்பட்டது. 2017 சூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் முறை நாடெங்கும் வந்தது. பெங்களூரில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயைக் கடந்தது 2021 சூன் திங்களில்.

உலகச் சந்தையில் விலை ஏறினால் இங்கும் ஏறுதல் இயற்கை என்பர். அங்ஙனமாயின் அங்கே இறங்கினால் இங்கும் இறங்க வேண்டுமன்றோ? 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் உலகமே வீட்டில் அடைந்து கிடந்தபோது, கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே சென்றது. அடுத்த மே திங்களில் நடுவண் அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் தீர்வையை உயர்த்தியது. இறங்கிய விலையின் பயன் கருவூலத்திற்குப் போயிற்று, குடிகளுக்கு வரவில்லை. மாநில அரசுகளும் இதில் பின்தங்கியவை அல்ல. 2024 சூனில் கர்நாடக அரசு விற்பனை வரியைக் கூட்டியதால் இரண்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் உயர்ந்தன. 2025 ஏப்ரலில் டீசல் மேலும் 2 ரூபாய் உயர்ந்தது. வரியின்றி அரசு நடவாது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் செல்வரும் வறியரும் ஒரே அளவாய்ச் செலுத்தும் வரி, வறியவரையே மிகுதியாய் அழுத்தும் என்பதையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

வண்டியே இல்லாதவர், "எமக்கென்ன?" என்று இருந்துவிடவும் முடியாது. கோலாரிலிருந்து தக்காளி டீசலில்தான் வருகிறது. 2025 சனவரி 5 முதல் அரசுப் பேருந்துக் கட்டணம் நூற்றுக்குப் பதினைந்து உயர்ந்தபோது, எரிபொருட் செலவும் அதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆட்டோவின் குறைந்த கட்டணம் 30 ரூபாயிலிருந்து 36 ரூபாயாயிற்று.

இனி அடுப்பிற்கு வருவோம். 14.2 கிலோ எரிவாயு உருளை 2023 மார்ச்சில் இந்நகரில் 1,100 ரூபாயைத் தாண்டி நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தன; 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் ஏறியது. இவ்வேற்ற இறக்கங்களையெல்லாம் நம் தாய்மார்கள் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்துள்ளனர். உருளை மாட்டிய நாளை அங்கே குறித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கமன்றோ? முப்பது நாள் வந்த உருளையை நாற்பது நாள் வரை நீட்டும் அவர்தம் திறம், எந்த நிதியமைச்சர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று.

இத்திறத்தின் பின்னே நல்ல அறிவியலும் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆதலின் இங்கே நீர் 100 பாகைக்கு முன்னரே, 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சென்னையில் திறந்த பாத்திரத்தில் வேகும் பருப்பு இங்கே இன்னும் சிறிது நேரம் வாங்குவது அதனாலேதான். சென்னையிலிருந்து வந்த மருமகளின் கைப்பக்குவத்தைக் குறை கூறும் மாமியார்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். குக்கரில் ஆவியின் அழுத்தத்தால் நீரின் வெப்பம் 120 பாகையை ஒட்டிச் செல்கிறது. பருப்பு விரைந்து குழைகிறது. முன்னிரவே கொண்டைக்கடலையை ஊற வைத்தலும், பாத்திரத்தை மூடிச் சமைத்தலும், சோற்றையும் பருப்பையும் அடுக்கி ஒருங்கே வேக வைத்தலும், கொதி வந்தவுடன் தீயைத் தணித்தலும் மெய்யான சிக்கனங்கள். கொதிக்கும் நீருக்கு மேலும் பெருந்தீ வைத்தால் ஆவிதான் மிகும், சூடு மிகாது.

ஆனால் எல்லாச் சேமிப்பும் சிக்கனம் ஆகிவிடாது. நாளுக்கு ஒருமுறையே சமைப்பது எரிவாயுவைக் காக்கும். அதற்காக விடியுமுன் நான்கு மணிக்கு எழுபவர் யார்? இரவில் அதனைச் சூடாக்காமல் தணிந்தபடியே உண்பவர் யார்? பெரும்பாலும் வீட்டின் தாயே. வெந்நீரிலும் இவ்வாறே. இந்நகரத்து மொட்டைமாடிகளில் கதிரவன் சூட்டால் வெந்நீர் தரும் கலங்கள் நிரம்பியுள்ளன, கண்டு மகிழலாம். ஆனால் மாடி வீட்டுக்காரருடையது. வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கும் நம்மவர் மார்கழிக் குளிரில் தண்ணீரிலேயே குளித்துவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பெயரிடுகின்றனர். அது சிக்கனமன்று, இழப்பு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உருளை எட்டாத விலைக்குப் போனதும் சில குடும்பங்கள் மீண்டும் விறகிற்குத் திரும்புகின்றன. "பழைய முறையே நல்லது" என்று அதனைப் புகழ்வாரும் உளர். புகழ்பவர் அடுப்பூதியவர் அல்லர். இந்நகரத்து இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் 1974இல் 'ஆஸ்ட்ரா' என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு தோன்றிற்று. துமகூரு மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரை அவர்கள் ஆராய்ந்தபோது, ஊரின் எரிபொருளில் பெரும்பங்கு சமையல் விறகே என்பதும், அதைச் சேர்க்கும் உழைப்பில் பெண்களும் சிறுவர்களும் பெரும்பங்கு சுமந்தனர் என்பதும் தெரியவந்தன. அக்கழகத்தார் விறகு குறைவாகத் தின்பதும், புகையைக் குழாய் வழியே வெளியேற்றுவதுமான அடுப்பொன்றை வடித்தனர். பெயர் 'ஆஸ்ட்ரா ஒலெ'. கன்னடத்து 'ஒலெ'யும் நம் 'உலை'யும் உடன்பிறப்புகள் என்பதைத் தமிழ்ச்சங்கத்தில் சொல்லாமல் செல்லலாகாது! புகைபோக்கியில்லா அறையில் மூன்று கல் வைத்து எரிப்பது, காசை மிச்சப்படுத்திக் கண்ணையும் நெஞ்சையும் செலவழிப்பதேயாகும்.

கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகைகளில் தங்கும் நம் உறவினர் நிலை இன்னும் கடினம். முகவரிச் சான்று இல்லாதவர்க்கென 2013இல் 5 கிலோ சிற்றுருளைகள் பெட்ரோல் நிலையங்களில் விற்பனைக்கு வந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் வீட்டு உருளையைவிட அதில் கிலோவுக்குக் கூடுதல் விலை. குறைவாக வாங்குபவரே மிகுதியாகக் கொடுக்கிறார். இவர்கட்கு முகவரிச் சான்றும் முறையான இணைப்பும் பெற்றுத்தர நம் சங்கத்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பத்துப் பட்டிமன்றங்களுக்கு அது ஈடாகும் என்பது எம் கருத்து.

இறுதியாக ஊர்ப்பயணம். சேலம், தருமபுரி, வேலூர், திருவண்ணாமலை ஆகிய இடங்களிலிருந்து வந்தோர் இவ்வவையில் மிகுதி. செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் வெட்டுப்படுவது இப்பயணமே. திங்கள்தோறும் சென்றவர் பொங்கலுக்கும் ஆடிக்கும் செல்கின்றனர். ஆடிக்குச் சென்றவர் தொலைபேசியில் முடித்துக்கொள்கின்றனர். கர்நாடகத்தில் 2023 சூன் 11 முதல் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. அதனால் அத்திப்பள்ளி வரை காசின்றிச் சென்று, அங்கிருந்து மாறி மாறிப் பேருந்தேறி ஊர்சேரும் தாய்மார்களும் உண்டு. கையில் குழந்தையும் பையுமாக மூன்று பேருந்து மாறுவது எத்துணை இடர் என்பதை அவர்களே அறிவர். ஆயினும் அவர்களை யாம் வணங்குகிறோம். பாட்டியின் வாயிலிருந்து கதை கேளாத பேரனுக்கு, சங்கத்தின் ஞாயிற்று வகுப்பு எத்துணைத் தமிழ் ஊட்டினாலும் அது ஏட்டுத் தமிழாகவே நிற்கும். அத்தை பெயரும் மாமன் பெயரும் அறியாப் பிள்ளைக்கு முறைப்பெயர்கள் எங்ஙனம் விளங்கும்? ஆதலின் எதை வெட்டினாலும் இதனை வெட்டாதீர் என வேண்டுகிறோம்.

வேண்டுகோளோடு ஒரு வழியும் கூறுவோம். ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த நாற்பது பேர் கூடினால் ஒரு பேருந்தை வாடகைக்கு அமர்த்தலாம். ஆளுக்கு ஒரு வண்டி எரிக்கும் பெட்ரோலில் ஒரு சிறு பகுதியே தலைக்குச் செலவாகும். வரும் பொங்கலுக்கு இதனைச் செய்து பார்ப்போம். ஊர்வாரியாகப் பெயர் எழுத மண்டபத்து வாயிலில் ஏடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. எத்தனை பேர், எந்த நாள் புறப்பாடு, வழியில் எங்கே இறங்க வேண்டும் என்பதையும் எழுதிச் செல்லுமாறு கேட்டு அமர்கின்றோம்.