எங்கள் வீட்டுப் புல்தரையும் அதிலுள்ள பூச்சிகளும்

(சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, "அண்ணை, நான் பக்ரறியில வேலை செய்யிறவன், ஏ.எல்.லோட படிப்பை விட்டவன், மேடையில என்னத்தைக் கதைக்கிறது?" என்று செயலாளரிடம் சொன்னேன். "உன்ர வீட்டுப் புல்லைப் பற்றி என்னோட ஒரு மணித்தியாலம் கதைச்சனிதானே, அதைக் கதை" என்றார். ஆகவே புல்லைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். அலுப்படித்தால் தேத்தண்ணி பின்னுக்கு இருக்கிறது.

நாங்கள் ஸ்காபரோவில் வீடு வாங்கிப் போனது 2021 ஐப்பசியில். அதுவரை பேஸ்மென்ற்தான். புல்லு எங்களுடையது இல்லை, கவலையும் எங்களுடையது இல்லை. 2022 சித்திரையில் ஸ்னோ கரைந்து முடிய ஒருநாள் காலமை எழும்பிப் பார்க்கிறேன், முன்பக்கப் புல்லெல்லாம் பன்றி உழுதமாதிரிக் கிடக்கிறது. புல்லு பாய் சுருட்டினமாதிரிக் கழன்று வருகிறது. இரவில் ரக்கூனும் ஸ்கங்கும் வந்து கிண்டிய வேலை. அதுகள் தேடி வந்தது கீழே கிடந்த வெள்ளைப் புழுவை. ஊரில் எருக்கும்பியைக் கிளறினால் வளைந்துபோய்க் கிடக்குமே, அதே சாயல், ஆனால் சின்னது. இங்கே 'கிரப்' என்பார்கள். வண்டின் குஞ்சு, புல்லின் வேரைத் தின்னும்.

அயலட்டையில் எல்லாருடைய புல்லும் பச்சை. எங்களுடையது மட்டும் மண். "புதுசா வந்த ஆக்கள், வீடு வைச்சிருக்கத் தெரியாது" என்று நினைப்பார்களே என்று எனக்கு வெட்கம். சொந்தக்காரர் ஒருவர் பஃபலோ பக்கம் போய்வந்தபோது ஒரு பை மருந்து வாங்கி வந்து தந்தார். இங்கே விற்கமாட்டார்கள், அங்கே கடையில் கிடக்கும். கொண்டுவருவது சட்டப்படி பிழை என்று தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். இதை மேடையில் சொல்வது பெருமைக்கு இல்லை. இங்கே இருக்கிற சில பேருடைய கராஜிலும் அந்தப் பை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அதே கிழமை வேலிக்கரையில், வெயில் நன்றாகப் படுகிற இடத்தில், எறும்புப் புற்று மாதிரிச் சின்னச் சின்ன மண்குவியல். நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் பென்சில் மொத்தத்தில் ஒரு ஓட்டை. அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் தேனி மாதிரி ஏதோ கூட்டமாகப் பறக்கிறது. அம்மா கண்டுவிட்டு, "குளவியடா! பிள்ளையைக் கொத்தப் போகுது" என்று சத்தம். மகளுக்கு அப்போது நாலு வயது. நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. கேத்திலில் தண்ணி கொதிக்கவைத்து நாலு தரம் ஊற்றினேன். பிறகு அந்தப் பையை வெட்டி, மிச்சத்தைப் புல்லுக்கும் அந்த இடத்துக்கும் கொட்டித் தண்ணி அடித்தேன். அடுத்த நாள் செத்ததுகளைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாகவும் இருந்தது.

ஆனி மாதம் மகளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ரொறன்ரோ நகரசபை வெளியிட்ட, இந்த நகரத்துத் தேனீக்களைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடந்தது. படம் பார்க்க மகள் எடுத்தாள். பக்கம் புரட்டினால் நான் கொன்ற தேனி. அதே மண்குவியல், அதே ஓட்டை.

அதன் பெயர் 'செலோபேன் பீ'. இந்த நாட்டின் சொந்தத் தேனி. ராணி, வேலைக்காரர் என்ற கூட்டுக் குடும்பம் அதற்கு இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக ஒரு அடிக்கு மேலே கிண்டி, தன் உடம்பிலிருந்து வரும் நீரைப் பூசி அறையின் சுவரைப் பொலித்தீன் மாதிரி ஆக்குகிறது. ஈரம் உள்ளே போகாது. அதற்குள் மகரந்தமும் தேனும் வைத்து ஒரு முட்டையிட்டு மூடிவிடும். சித்திரையில் வெளியே வந்து மேப்பிள் பூவிலும் வில்லோ பூவிலும் உண்டு, ஐந்தாறு கிழமையில் செத்துப்போகும். குஞ்சு மண்ணுக்குள்ளேயே வளர்ந்து அடுத்த சித்திரையில் வரும். கூட்டமாகப் பதியப் பறப்பவை பெரும்பாலும் ஆண்கள், அவைக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு இருக்கிறது, கையில் பிடித்து நசித்தால் ஒழியக் கொத்தாது. என் பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. நான் கொன்றது அந்த வருசத்துத் தேனியை மட்டுமல்ல, வரப்போகிற வருசத்துத் தேனியையும்.

மற்றப் பகிடியையும் கேளுங்கள். நான் போட்ட மருந்து, கோடையில் பொரிக்கிற குஞ்சுப் புழுவுக்கு வேலை செய்கிற வகை. சித்திரையில் கொழுத்துக் கிடக்கிற புழுவுக்கு அது காணாது. ரக்கூன் அதற்குப் பிறகும் மூன்று இரவு வந்து கிண்டியது.

ஒரு விசயம் எனக்குள் கிடந்து உறுத்துகிறது. நாங்கள் இதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வெங்காயத்துக்கு அடிப்பதும் மருந்து. அப்பா முதுகில் மெசினைக் கொழுவி, வாயில் சால்வைத் துண்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு அடிப்பார். அந்தக் கையைக் கழுவிவிட்டு அதே கிணற்றில்தான் குடிக்கிற தண்ணியும் அள்ளுவோம். ஊரில் "மருந்து குடிச்சிட்டான்" என்றால் என்ன கருத்து என்று இங்கே விளங்காதவர் இல்லை. இலங்கையில் 1995-இல் மிகக் கொடிய வகைகளையும் 1998-இல் எண்டோசல்பானையும் நிறுத்திய பிறகுதான் அந்தச் சாவுகள் குறையத் தொடங்கின. பெயர் மருந்து, சாமான் நஞ்சு.

இந்த நாட்டிலும் இது லேசில் நிற்கவில்லை. மொன்றியலுக்குப் பக்கத்தில் ஹட்சன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல் வைத்தியர் 1985 முதல் ஊர்ச்சபைக் கூட்டங்களுக்குப் போய், புல்லுக்கு அடிக்கிற நஞ்சைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1991-இல் சபை அழகுக்காக நஞ்சு அடிப்பதைத் தடைசெய்தது. புல்லுக்கு மருந்து அடிக்கிற இரண்டு கொம்பனிகள் வழக்குப் போட்டு, அது கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 2001 ஆனி 28-இல் ஊர்ச்சபைதான் வென்றது. பிறகு ரொறன்ரோவின் தடை 2004-இல் நடைமுறைக்கு வந்தது, ஒன்ராறியோ முழுவதுக்கும் 2009 சித்திரை 22-இல். 250-க்கு மேற்பட்ட சாமான்கள் கடைத் தட்டிலிருந்து போயின. கமத்துக்கும் கோல்ப் மைதானத்துக்கும் விலக்கு உண்டு. ஆளைக் கொத்துகிற குளவிக் கூட்டுக்கும் உண்டு.

அழகுக்கு அடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். 2013 ஆனியில் அமெரிக்காவில் ஒறிகன் மாநிலத்தில் ஒரு கடையின் கார் நிறுத்துகிற இடத்து மரங்களுக்கு, பூத்திருக்கும்போது மருந்து அடித்தார்கள். காரில் பிசின் சொட்டுகிறதாம், அதற்காக. 50,000 வரையில் பம்பிள் பீ செத்து நிலத்தில் கொட்டுண்டு கிடந்தன.

சரி, அப்ப புழுவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் ஒரு சதுர அடி புல்லைக் கிளப்பி எண்ணிப் பாருங்கள். நாலைந்துக்குள் என்றால் நல்ல புல்லு தாங்கும், பேசாமல் விடுங்கள். அதிகம் என்றால் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாதி நடுப்பகுதிக்குள் 'நெமற்றோட்' வாங்கிப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள நூற்புழு, கிரப்பின் உடம்புக்குள் போய்க் கிருமியை விட்டுக் கொல்லும். தேனிக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் செய்யாது. ஆனால் வெயில் பட்டால் செத்துவிடும். வாங்கியதும் பிறிட்ஜில் வைத்து, பின்னேரத்தில், முன்னும் பின்னும் நிலத்தை நன்றாக நனைத்துப் போடவேண்டும். நண்பர் ஒருவர் பையைக் காரின் டிக்கியில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் போட்டார். பிறகு "ஏமாத்திப் போட்டாங்கள்" என்று ஏச்சு. புல்லையும் மொட்டையாக வெட்டாதீர்கள், மூன்று அங்குலம் விடுங்கள். வண்டு முட்டையிடத் தேடுவது கட்டையாக வெட்டிய புல்லை.

ஆடியில் பயிற்றங்கொடியையும் ரோசாவையும் சல்லடையாக்குகிற பச்சையும் செம்பும் கலந்த யப்பான் வண்டைக் காலமை வெள்ளெனச் சவர்க்காரத் தண்ணிக்குள் தட்டி விழுத்துங்கள். கடையில் விற்கிற பொறியை வாங்கவேண்டாம். அது அயல் வண்டையெல்லாம் உங்கள் வளவுக்கு வெத்திலை வைத்துக் கூப்பிடும்.

தாய்மார்கள் பின்வளவில் கத்தரி, பூசணி போடுகிறீர்கள். கத்தரிப் பூவைக் குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். தேன்கூட்டுத் தேனிக்கு அந்த வித்தை தெரியாது. பம்பிள் பீ பூவைக் கட்டிப் பிடித்து, செட்டைத் தசையை அதிரவைத்துக் கொட்டப் பண்ணும். பூசணிக்கென்றே ஒரு தேனி இருக்கிறது, அதுவும் நிலத்துக்குள் கூடு கட்டுவது. விடியப் பூவுக்கு வரும், அதன் ஆண்கள் மத்தியானம் வாடிய பூவுக்குள் படுத்து நித்திரை கொள்ளும். பூசணிப் பூ பிடுங்கப் போகிறபோது விரித்துப் பாருங்கள். ரொறன்ரோவில் மட்டும் 360-க்கு மேற்பட்ட வகைத் தேனிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மண்ணுக்குள்தான்.

குளவியை எப்படிப் பிரித்து அறிவது என்று அம்மா இப்போது எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறா. ஒரே ஓட்டையால் பல பேர் போய்வந்தால், உடம்பு மினுங்கி மஞ்சள் கோடு இருந்தால், ஆவணி புரட்டாதியில் என்றால் குளவி. விலகி நிற்கவேண்டும். சித்திரையில், பல ஓட்டை, ஓட்டைக்கு ஒரு ஆள், நெஞ்சில் மயிர் என்றால் அது தேனி.

எங்கள் வேலிக்கரைக்கு அடுத்த வருசம் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த வருசமும் வரவில்லை. போன சித்திரையில் பக்கத்து வீட்டுப் பக்கம் பதினொரு ஓட்டை இருந்தது. மகள்தான் எண்ணினாள். எங்கள் பக்கம் இரண்டு. அந்த வீட்டுக்காரரிடம் போய்த் தண்ணி ஊற்றவேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

இன்னும் மூன்று நாலு கிழமையில் உங்கள் வளவிலும் அந்த மண்குவியலைக் காண்பீர்கள். கேத்திலை அடுப்பில் வைக்கமுதல் எனக்கு ஒரு போன் அடியுங்கள். இரவு வேலை எண்டாலும் பரவாயில்லை, வந்து பார்க்கிறேன்.