விருந்தாளியாக ஏறுவோம்



அயோத்திதாசப் பண்டிதர் நினைவாகக் கூடியிருக்கிறோம். நம்மை ஆதித் தமிழர் என்று அழைத்தவர் அவர். ஆதிகுடிக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

ரிஷிவந்தியத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாக நாங்கள் சிலர் கல்வராயன் மலைக்குப் போனோம். பெரியார் அருவியில் குளித்தோம், படம் எடுத்தோம். வழியில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். சொன்னோம். அவருடைய ஊர்ப்பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. மலையிறங்கிய பிறகுதான் உறைத்தது. ஊரில் நம் உழைப்பை மட்டும் பார்த்து, நம்மைப் பார்க்காதவர்களை எதிர்த்துப் பேசுகிறோம். மேலே போய் நாமும் அருவியை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

உலகெங்கும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், இன்னிஸ்ஃபெயில் நகருக்கு அருகே மழைக்காட்டின் மீது ஓர் உயர்நடைபாதை இருக்கிறது. 2006இல் லாரி புயல் சிதைத்த காட்டில் அமைத்து, 2008இல் திறந்தார்கள். 37 மீட்டர் உயரக் கோபுரமும் உண்டு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாமு மக்களின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பெயர்ப்பலகை பட்டா ஆகாது. அந்த நாட்டை யாருக்கும் சொந்தமில்லாத நிலமென்று வைத்தே வெள்ளையர் சட்டம் நடந்தது. எடி மாபோவும் தோழர்களும் தொடுத்த வழக்கில், 1992 ஜூனில்தான் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தப் பொய்யைத் தள்ளியது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

நம் கல்வராயனோ 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சாமையும் தினையும் விளைவித்த மலையாளிப் பழங்குடிகளுக்கு நிலம் சொந்தமில்லை. அவர்களைப் போன்றோருக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று 2006 வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சட்டப்படி, பள்ளி, அங்கன்வாடி, சாலை போன்றவற்றுக்காக ஓர் எக்டேருக்கும் குறைவான காட்டு நிலத்தை எடுக்கவும் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அந்தப் பட்டியலில் சுற்றுலா இல்லை.

நாளை இங்கும் ஓர் உயர்நடைபாதை வரலாம். அன்று நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கிராம சபை சம்மதித்ததா? நுழைவுச்சீட்டுப் பணம் யாருக்கு? உழுகிறவர் கையில் பட்டா இருக்கிறதா?

இதைக் கேட்க நமக்குக் கடமை உண்டு. 1892 ஆணையால் கிடைத்த பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறிப் போனது என்று நமக்குத் தெரியும். காகிதத்தில் இருந்தும் காலடியில் இல்லாத நிலத்தின் வலி நம்முடையது.

அடுத்த முறை மலையேறும்போது முதலில் அந்த அம்மாவின் ஊர்ப்பெயரைக் கேட்போம். அடுத்து, கிராம சபை எப்போது கூடுகிறது என்று கேட்போம். துணைக்கு அழைத்தால் போவோம்.

ஜெய்பீம்.