கலைஞரின் தோற்றமும் கலையும்

ஓர் இசைக் கலைஞரின் பெயரைக் கேட்டவுடன், அவருடைய இசை நினைவுக்கு வருமுன் அவருடைய வடிவம் நம் கண்முன் வந்து நிற்பதுண்டு. எம். எஸ். சுப்புலக்ஷ்மி என்றால் நீலப் பட்டுப் புடைவை, இரு மூக்கிலும் ஒளிரும் வைரம், நெற்றியில் குங்குமம், கூந்தலில் மல்லிகைச் சரம், அருகில் தம்புரா. இவ்வடிவம் ஒரே நாளில் அமைந்ததன்று. அது எவ்வாறு உருவாயிற்று, அதனால் இசைக்கு விளைந்தது யாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

அவர் 1916ஆம் ஆண்டு மதுரையில், வீணைக் கலைஞர் ஷண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். பத்து வயதை ஒட்டியே அவருடைய குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று. இசைத்தட்டைக் கேட்பவருக்குக் குரலையும் பெயரையும் தவிர வேறு அடையாளம் ஏது? அப்பெயரின் முதலெழுத்துக்களில் மதுரையும் ஷண்முகவடிவும் அடங்கியிருந்தன. தாய்வழியாக வந்த இசை மரபை அவ்விரண்டு எழுத்துக்களே உணர்த்தின.

பின்னர்த் திரைப்படம் வந்தது. 1938இல் 'சேவாசதனம்', 1940இல் 'சகுந்தலை', 1941இல் 'சாவித்திரி'. கடைசியாகச் சொன்ன படத்தில் அவர் ஏற்றது நாரதர் வேடம். நாடெங்கும் அவர் முகம் பரவிற்று. ஆயினும் அவை யாவும் பிறருடைய உருவங்கள். 1945இல் வெளிவந்த 'மீரா'வோ வேறு விதமாயிற்று. 1947இல் அது ஹிந்தியிலும் வெளியாகி, வட நாட்டாரும் அவரை அறிந்தனர். அதற்குப்பின் அவர் நடிக்கவில்லை. வேடம் கலைந்தது, ஆனால் ரஸிகர் மனத்தில் மீரா கலையவில்லை. பாடுபவரும் பக்தையும் ஒருவரே என்னும் எண்ணம் அங்கே வேரூன்றியது.

கச்சேரி மேடையில் அவ்வெண்ணத்திற்கு உரிய புறத்தோற்றம் படிப்படியாக நிலைபெற்றது. கணவர் சதாசிவம் கச்சேரிகளின் ஒவ்வோர் அம்சத்தையும் கவனித்துத் திட்டமிட்டார். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் அளித்த பட்டின் நிறம் 'எம். எஸ். நீலம்' என்றே வழங்கலாயிற்று. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது, உலகம் கண்டதும் இத்தகைய தோற்றத்தையே. புதுமைகளை அடுக்கிக்கொண்டே போவதால் ஒரு கலைஞரின் தோற்றம் நிலைப்பதில்லை; சிலவற்றை மட்டும் தேர்ந்து, அவற்றை மாற்றாமல் காப்பதாலேயே நிலைக்கிறது என்பதற்கு இது சான்று. அவர் 2004இல் மறைந்த பின், திருப்பதியில் நிறுவப்பெற்ற சிலையும் தம்புராவுடன் கூடியதே.

எனினும், ஒன்றைத் தேர்வது என்றால் மற்றொன்றை மறைப்பதும் ஆகும். 1930களில் எடுத்த நிழற்படம் ஒன்று உண்டு. அதில் இளம் சுப்புலக்ஷ்மியும் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் மேனாட்டு இரவு உடை தரித்து, சிகரெட்டுடன் குறும்பாகக் காட்சி தருகின்றனர். அதனை இன்று முதன்முறையாகக் காண்போர் திகைக்கின்றனர். திகைப்பதற்குக் காரணம் அப்படம் அன்று. நாம் மனத்தில் நிறுத்தியிருக்கும் சிலையே காரணம். விளையாட்டுணர்வு மிகுந்த ஓர் இளம்பெண்ணுக்கு அச்சிலையில் இடமில்லை.

இதைவிடப் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. தெய்வ அருள் பெற்றவர் என்று கைகூப்பிவிட்டால், உழைத்துக் கற்றவர் என்பது மறந்துபோகிறது. செம்மங்குடி ஸ்ரீநிவாஸய்யரிடம் அவர் பாடம் கேட்டார். காசியின் சித்தேசுவரி தேவியிடம் ஹிந்துஸ்தானி இசையைப் பயின்றார். பல மொழிகளின் உச்சரிப்பையும் திருத்தமுறக் கற்றுப் பாடினார். 1968இல் சென்னை மியூஸிக் அகாடமி பெண்களுள் முதல்வராக அவருக்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் வழங்கியது வித்வத்துக்காகவே அன்றித் தோற்றத்திற்காக அன்று.

கலைஞருக்குத் தோற்றம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவ்வடிவமே பல்லாயிரம் பேரைக் கச்சேரிக்கு அழைத்து வந்தது. ஆயின் வந்தவர் வாயிலிலேயே நின்றுவிடலாகாது. அவர் பாடிய சங்கராபரண ஆலாபனை ஒன்றை, படம் எதனையும் பார்க்காமல் ஒருமுறை முழுவதும் கேட்டுப் பார்ப்போமாக. எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், எங்கே மூச்சை நிறுத்தி மீண்டும் தொடங்குகிறார் என்று கவனிப்போமாக. நீலப் பட்டு மறைந்து, பல்லாண்டு சாதகம் செய்த ஒரு பெரும் இசைவாணர் அப்போது நம் செவிக்குப் புலப்படுவார்.