விலையில்லா மென்பொருளும் அதன் சோதனைச் செலவும்

விலை கொடாமல் கிடைக்கும் பொருளுக்குச் செலவே இல்லை என்று எண்ணுவது எளிதில் நேரும் பிழை. ஊர்ப் பொதுக்கிணற்றுத் தண்ணீருக்கு விலை இல்லை. ஆயினும் அதனைத் தூர் வார ஆள் வேண்டும். மூல நிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ள இயங்குதளங்களின் நிலையும் இதுவே. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளைக் கைக்கொள்வதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது. உரிமக் கட்டணத்தில் எவ்வளவு மிச்சம் என்ற கேள்வி அன்று முதல் பலமுறை எழுந்துள்ளது. அம்மென்பொருளை உருவாக்கிச் சோதிக்கும் சுமையை யார் தாங்குகின்றனர் என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை.

இங்கு டெபியன் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வது பொருந்தும். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கிய இம்முயற்சி பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் டெபியனின்மேல் எழுப்பப்பட்டது. கேரளப் பள்ளிகளில் வழங்கும் இயங்குதளத்திற்கு அடிப்படையான உபுண்டுவும் டெபியனின் வழிவந்ததே. ஆகவே டெபியனில் ஒரு சோதனை தவறினால், அதன் விளைவு இந்திய அலுவலக மேசைவரை வந்து சேரக்கூடும்.

2025 ஆகஸ்ட் 9-ஆம் நாள் வெளியான டெபியனின் 13-ஆம் பதிப்பில் 69,830 பொதிகள் உள்ளன. பொதி என்பது ஒரு மென்பொருளையும், அதனை எங்கே நிறுவுவது, அது வேறு எந்தப் பொதிகளைச் சார்ந்தது என்னும் விவரங்களையும் ஒன்றாகக் கட்டிய மூட்டை. பொறுப்பாளர் மூல நிரலை அனுப்பியதும், அதற்கெனவே இயங்கும் கணிப்பொறிகள் அதனை ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் தனித்தனியே இயங்கு வடிவத்திற்கு மாற்றுகின்றன. 13-ஆம் பதிப்பில் அத்தகைய வகைகள் ஏழு. ஒரு வகையில் பழுதின்றி உருவாகும் நிரல் மற்றொன்றில் உருவாகாமல் நின்றுவிடுவதும் உண்டு. உருவானவை முதலில் நிலைபெறாத பிரிவில் வைக்கப்பெறும். கடுமையான புதுக் குறைகள் தென்படாமலும், தன்னைச் சார்ந்த பொதிகளின் சோதனைகளைக் கெடுக்காமலும், அவசரத்திற்கேற்ப வழக்கமாக 2, 5 அல்லது 10 நாட்கள் கழிந்தால்தான் ஒரு பொதி அடுத்த பிரிவுக்குச் செல்லும். பல மாதங்களுக்குப் பின்னரே நிலைபெற்ற பதிப்பு வெளியாகும். புதியது வரத் தாமதமாகிறது என்று குறை கூறுவோர் உளர்; அத்தாமதம் வீணன்று.

எனினும் சோதனை என்பது கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். 2006-ஆம் ஆண்டில் நடந்தது இதற்குச் சான்று. இரகசியத் திறவுகோல்களை உண்டாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் பொதியில், நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரிண்ட் என்ற கருவி ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. அதனை நீக்கும் நல்லெண்ணத்தில் டெபியனில் நிரலின் சில வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று, திறவுகோலை ஊகிக்க இயலாததாக ஆக்கும் வரி. அதன் பின்னரும் பொதி உருவாயிற்று, திறவுகோல்கள் பிறந்தன, ஒவ்வொன்றும் தன் பூட்டைச் சரியாகத் திறந்தது. ஆனால் ஒவ்வொரு வகையிலும் பிறக்கக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 32,000 மட்டுமே. திருடன் அத்தனையையும் முன்கூட்டியே செய்து கையில் வைத்திருக்க முடியும். நிலைபெற்ற பதிப்பிலும் புகுந்துவிட்ட இக்குறை 2008 மே 13-ஆம் நாள்தான் அறிவிக்கப்பட்டது. திறவுகோல் பூட்டைத் திறக்கிறதா என்று சோதித்தவர்கள், எத்தனை விதத் திறவுகோல்கள் பிறக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவில்லை.

2024-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இதனினும் கவலைக்குரியது. இது தவறு அன்று, சதி. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியை நெடுங்காலம் ஏறக்குறைய ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். உதவிக்கு வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்றபின், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். தீய நிரல் ஒளித்துவைக்கப்பட்ட இடம் சோதனைக்கென வைக்கப்படும் கோப்புகள். அதுவும் டெபியன் போன்ற இயங்குதளத்திற்கான பொதியாக உருவாக்கப்படும்போது மட்டுமே விழித்தெழும்படி அமைக்கப்பட்டிருந்தது. நாட்கணக்கான காத்திருப்பையும் அது கடந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறோர் ஆய்வின்போது, தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். சில வாரங்களுக்கு முன் வால்கிரிண்ட் காட்டிய முறையீடுகளும் அவர் நினைவுக்கு வந்தன. அன்று வாயடைக்கப்பட்ட அதே கருவி இம்முறை துப்புக் கொடுத்தது! மார்ச் 29-ஆம் நாள் அவர் செய்தியை வெளியிட்டார். டெபியனின் நிலைபெற்ற பதிப்பை அக்கேடு எட்டவில்லை.

ஒரே மூலத்திலிருந்து யார், எங்கே, என்று உருவாக்கினாலும் அணுவளவும் மாறாத பொதி கிடைக்க வேண்டும் என்னும் முயற்சி 2013 முதல் டெபியனில் நடைபெறுகிறது. உருவாக்கும் கணிப்பொறியில் யாரேனும் கை வைத்தால் அது காட்டிக்கொடுக்கும். வெளியீட்டு மூலத்திலேயே நஞ்சு கலந்திருந்தால் அதுவும் பயன்படாது. எக்ஸ்இசட்டில் அதுவே நிகழ்ந்தது. அங்கே மூலத்தைப் பொறுமையுடன் படிக்கும் மனிதக் கண்களே வேண்டும். அவைதாம் குறைவாக உள்ளன.

பொதுச் சொத்தின் பயன் எல்லோர்க்கும், பராமரிப்பு சிலர்க்கு என்னும் பழைய பொருளியல் சிக்கல் இதுவே. எடுத்துக்கொள்ளும் அரசுகள் திருப்பித் தருவது நன்கொடையாக மட்டும் இருக்கத் தேவையில்லை. மிச்சமாகும் உரிமக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைச் சோதனையாளர் பணியிடங்களுக்கென ஒதுக்கலாம். இந்திய எழுத்துருக்கள், விசைப்பலகைகள், உள்நாட்டு அச்சுப்பொறிகள் ஆகியவற்றை அயல்நாட்டுத் தன்னார்வலர் சோதித்துத் தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒரு வட்ட அலுவலகத்தில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி அச்சாகுமானால், அதனை முதலில் காண்பவர் அங்குள்ள எழுத்தரே. அவர் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு மறுமுறை அச்சிடுகிறார். குறை அங்கேயே தங்கிவிடுகிறது. பொதியின் பெயர், பதிப்பு எண், செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நேர்ந்தது என்ன என்ற ஐந்து விவரங்கள் போதும். டெபியனில் குறையைத் தெரிவிக்க 'ரிப்போர்ட்பக்' என்ற நிரலே உண்டு. அதனைப் பயன்படுத்த ஓர் எழுத்தருக்கு அரை நாள் பயிற்சி தேவைப்படலாம்.